கைமாறிய நிறுவனமும் கலங்கும் ஊழியரும்

பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் நொய்டாவிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றிவரும் தமிழர் பலர். வீட்டில் தமிழும், கடைவீதியில் கன்னடமோ மராத்தியோ தெலுங்கோ இந்தியோ, அலுவலகத்தில் ஆங்கிலமுமாக நாளைக் கழிக்கும் இவர்களுக்கு மாதச் சம்பளம் என்பது ஊரிலிருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவு. வீட்டுக் கடனின் தவணை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். அச்சம்பளம் நின்றுவிடுமோ என்ற கவலை எந்தத் தொழிலிலும் உண்டு. எனினும், ஒருவகை நிறுவனத்தில் பணிபுரிவோரைப் பற்றும் கவலைக்குத் தனியானதொரு தன்மை இருக்கிறது. அங்கே வாடிக்கையாளர் இருக்கின்றனர், வேலையும் இருக்கிறது, பணமும் வந்துகொண்டிருக்கிறது. இருந்தும் ஆட்குறைப்பு நடக்கிறது. காரணம் கேட்டால், பக்கத்து அறையிலுள்ள மேலதிகாரிக்கும் தெரிவதில்லை. அக்காரணம் எங்கே இருக்கிறது என்பதை இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

நாம் குறிப்பிடுவது ‘பிரைவேட் ஈக்விட்டி’ என வழங்கும் முதலீட்டுக் குழுக்களின் கைக்குப் போன நிறுவனங்களை. ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெருஞ்செல்வர்கள் ஆகியோரிடமிருந்து பணத்தைத் திரட்டி, அதைக்கொண்டு முழு நிறுவனங்களையே விலைக்கு வாங்கி, சில ஆண்டுகள் நடத்தி, பின்னர் அதிக விலைக்கு விற்பது இக்குழுக்களின் தொழில். ஒரு நிதியின் ஆயுள் பெரும்பாலும் பத்து ஆண்டுகள். ஆதலால் வாங்கியதை நெடுநாள் வைத்திருக்கும் எண்ணம் தொடக்கத்திலேயே கிடையாது.

இதில் கவனிக்கத்தக்கது, வாங்கும் முறை. தென்னந்தோப்பு ஒன்றை 100 ரூபாய்க்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் கையிலிருந்து அவர் போடுவது 40 ரூபாய். மீதி 60 ரூபாய்க்கு அந்தத் தோப்பையே ஈடாக வைத்துக் கடன் வாங்குகிறார். கடனோ அவர் பேரில் இல்லை. தோப்பின் பேரில் இருக்கிறது. காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் தோப்பு வட்டி கட்டியாக வேண்டும். தோப்பு மூழ்கினால் அவருக்கு நட்டம் அந்த 40 ரூபாய் மட்டுமே. வட்டி கட்டப் போதவில்லையென்றால் என்ன செய்வார்? தண்ணீர் பாய்ச்சுவோரில் இருவரையும், மரம் ஏறுவோரில் ஒருவரையும் நிறுத்துவார். அந்த ஆண்டுக் கணக்கில் இலாபம் கூடித் தெரியும். மரம் வாடுவது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோதான் கண்ணுக்குப் புலப்படும். அதற்குள் தோப்பு வேறொருவர் கைக்கு மாறியிருக்கவும் கூடும்.

மென்பொருள் நிறுவனங்கள் இம்முறைக்கு ஏற்றவையாகத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் மென்பொருள் ஒருமுறை விற்பனையாகும் பண்டமாக இருந்தது. இப்போது அது ஆண்டுச் சந்தாவாக மாறியிருக்கிறது. ஒருமுறை பழகிவிட்ட வாடிக்கையாளர் எளிதில் விலகுவதில்லை. வீட்டு வாடகைபோல் வருமானம் தவறாமல் வருகிறது. அத்தகைய வருமானத்தை நம்பிக் கடன் கொடுக்க வங்கிகளும் தனியார் கடன் நிதிகளும் முன்வந்தன. இலாபம் காணாத நிறுவனங்களுக்குக்கூட, சந்தா வருமானத்தை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. அமெரிக்காவில் வட்டி விகிதம் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த காலம் அது.

சிட்ரிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 1989-இல் தோன்றிய இந்நிறுவனம், தொலைவிலுள்ள கணிப்பொறியை இருந்த இடத்திலிருந்தே இயக்க உதவும் மென்பொருளுக்குப் பெயர் பெற்றது. பெங்களூரிலும் அதற்கு ஆராய்ச்சி மையம் உண்டு. 2022 ஜனவரி இறுதியில், விஸ்டா என்ற முதலீட்டுக் குழுவும் எலியட் என்ற நிதி நிறுவனத்தின் கிளையும் சேர்ந்து, ஏற்கெனவே இருந்த கடனையும் உட்படுத்தி, 1,650 கோடி டாலருக்கு இதை வாங்குவதாக அறிவித்தன. அதற்காக வங்கிகள் சுமார் 1,500 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டன. விஸ்டா 2014-இல் வாங்கியிருந்த டிப்கோ என்ற நிறுவனத்தையும் இதனோடு இணைத்து, கிளவுட் சாப்ட்வேர் குரூப் என்று பெயரிட்டனர். டிப்கோவுக்குப் புணேயில் பெரிய அலுவலகம் இருந்தது. ஆகவே பிளாரிடாவிலும் கலிபோர்னியாவிலும் போடப்பட்ட ஒப்பந்தம் பெங்களூரையும் புணேயையும் ஒருங்கே தொட்டது.

ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட இரண்டே மாதங்களில், அதாவது 2022 மார்ச்சில், அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 2023 ஜூலைக்குள் அது 5.25 முதல் 5.5 சதவிகிதம்வரை ஏறிவிட்டது. 2022 செப்டம்பரில் அக்கடனின் ஒரு பகுதியாகிய 855 கோடி டாலரை வங்கிகள் சந்தையில் விற்றபோது, முழு விலைக்கு வாங்குவாரில்லை. 60 கோடி டாலருக்குமேல் அவை நட்டமடைந்தன. அதே மாதக் கடைசியில் நிறுவனம் கைமாறியது. 2023 ஜனவரியில் ஊழியரில் 15 சதவிகிதத்தினரைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மேலும் 12 சதவிகிதம். பின்னர் அந்நிறுவனத்தின் இலாபக் கணக்கு உயர்ந்தது என்பதையும், 2024 ஏப்ரலில் மைக்ரோசாப்டுடன் பெரிய ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடன் கொடுத்தவர் நிம்மதி அடைந்திருப்பர். வெளியேற்றப்பட்டவருக்கு அந்த நிம்மதியில் பங்கில்லை.

வட்டி எவ்வாறு ஆட்குறைப்பாக உருமாறுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மாறும் வட்டியில் 100 கோடி டாலர் கடன் உள்ள நிறுவனம் ஒன்று. வட்டி ஐந்து சதவிகிதம் ஏறினால் ஆண்டுக்கு 5 கோடி டாலர் அதிகம் கட்ட வேண்டும். ஓர் ஊழியருக்குச் சராசரியாக 50,000 டாலர் செலவு என்று கொண்டால், அது 1,000 பேரின் ஊதியம். அந்த ஆயிரம் பேரும் நேற்றுவரை எழுதிய நிரல்களில் எந்தப் பிழையும் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் பெயர்கள் பட்டியலில் ஏறியது அவர்கள் வேலையைப் பார்த்து அன்று. வட்டிக் கணக்கைப் பார்த்து. இது எழுதப்பட்ட இடம் ஒன்று, படிக்கப்படும் இடம் வேறு. “என் வேலையில் என்ன குறை?” என்று இரவெல்லாம் விழித்திருந்து தம்மைத் தாமே விசாரணை செய்துகொள்ளும் ஊழியரைக் காணும்போது, இந்தக் கணக்கை யாரேனும் அவருக்குச் சொல்லியிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றுகிறது.

புளூரல்சைட் என்பது இன்னொரு நிறுவனம். கணிப்பொறித் துறையினருக்குப் புதிய திறன்களைக் காணொளிமூலம் கற்பிப்பது அதன் தொழில். விஸ்டா 2021-இல் இதையும் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. 100 கோடி டாலருக்குமேல் தனியார் நிதிகள் கடன் கொடுத்தன. 2022 டிசம்பரில் ஊழியரில் ஐந்தில் ஒரு பங்கினர், ஏறக்குறைய 400 பேர், விலக்கப்பட்டனர். ‘புதிய திறனைக் கற்றுக்கொள், வேலை நிலைக்கும்’ என்று உலகுக்குப் போதித்த நிறுவனத்திலேயே இது நிகழ்ந்தது. 2024-இல் விஸ்டா தன் முதலீட்டின் மதிப்பைப் பூஜ்யமாக எழுதிவிட்டது. நிறுவனத்தின் அறிவுச் சொத்தைக் கடன்காரர் கைக்கெட்டாத ஒரு துணை நிறுவனத்துக்கு மாற்றியதாகப் பெரும் சர்ச்சையும் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கடன் கொடுத்தவர்களே நிறுவனத்தை ஏற்றுக்கொண்டனர்.

இவற்றைக் கேட்டு, இத்தகைய முதலாளிகள் எல்லோரும் நிறுவனத்தைச் சூறையாடுகிறவர்களே என்று முடிவு கட்டுதல் நியாயமாகாது. 2016-இல் பிளாக்ஸ்டோன் குழுவின் கைக்கு வந்த எம்பசிஸ் வளர்ந்தது. 2021-இல் கார்லைல் வாங்கிய ஹெக்ஸாவேர் 2025 பிப்ரவரியில் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது. மேலும், சொல்லக் கசப்பானதொரு உண்மையும் உண்டு. செலவைக் குறைக்க விரும்பும் அமெரிக்க முதலாளி, அங்கே ஒருவரை நீக்கி, அந்த வேலையை இங்கே அனுப்புவது பல்லாண்டு வழக்கம். நம்மவர் சிலர் அமர்ந்திருக்கும் நாற்காலி, வேறொரு நாட்டில் ஒருவர் இழந்த நாற்காலிதான். ஆகவே நிறுவனம் கைமாறியது என்ற செய்தி கேட்டவுடன் பதறுவதைவிட, எவ்வளவு கடன் ஏற்றப்பட்டிருக்கிறது, அது எந்த ஆண்டில் திருப்பித் தரப்பட வேண்டும் என்று விசாரிப்பது பயனுடையது. பெரிய நிறுவனங்களின் கடன் நிலையைப் பற்றித் தரநிர்ணய நிறுவனங்கள் வெளியிடும் அறிவிப்புகளும் பொருளாதாரப் பத்திரிகைகளும் இதை ஓரளவு சொல்லிவிடும். சிற்றுண்டிச்சாலைப் பேச்சைவிட அவை நம்பத்தக்கவை.

சிற்றுண்டிச்சாலைப் பேச்சு என்று எளிதில் சொல்லிவிட்டோம். அதற்குள் இருக்கும் வேதனை எளியதன்று. காலியான இடங்களை நிரப்பாமல் விடுகிறார்கள். பயணச் செலவுக்கு அனுமதி நின்றுவிடுகிறது. இதுவரை காணாத ஆலோசகர் இருவர் வந்து, யார் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பட்டியல் எழுதிக்கொண்டு போகிறார்கள். உமது வேலையை எல்லாம் ஆவணமாக எழுதி வையும் என்று உத்தரவு வருகிறது. எழுதுகிறவரின் கை நடுங்குகிறது. அமெரிக்காவின் பகல் நமக்கு இரவாதலால், அறிவிப்பு பெரும்பாலும் நள்ளிரவில் வருகிறது. படுக்கப் போகுமுன் கைப்பேசியைப் பார்ப்பதும், விழித்தவுடன் அலுவலகக் கணிப்பொறி திறக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் பலருக்கு நித்திய கடனாகிவிட்டன. ‘பதினைந்து நிமிடச் சந்திப்பு’ என்று தலைப்பில்லாமல் ஓர் அழைப்பு வந்துவிட்டால் போதும், வீடு முழுவதும் மௌனமாகிவிடும்.

ஊரைவிட்டு வந்தவருக்கு இதில் இன்னொரு சுமை கூடுகிறது. சொந்த ஊரில் வேலை போனால் தாங்கிக்கொள்ள ஒரு திண்ணையாவது இருக்கும். இங்கே வாடகை ஒப்பந்தமும், பாதி ஆண்டில் மாற்ற முடியாத பள்ளியும், வேறு மொழிப் பாடமும் காலைக் கட்டுகின்றன. ஊரிலுள்ள பெற்றோரிடம் சொல்ல வாய் வருவதில்லை. பொங்கலுக்குப் போனவர், “வேலையெல்லாம் எப்படிப்பா?” என்று மாமா கேட்டால், “நன்றாக இருக்கிறது மாமா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார். கணவர் மனைவியிடமும், மனைவி கணவரிடமும் ஒளிக்கும் நிலையும் உண்டு. இருவரும் ஒரே துறையில் இருந்துவிட்டாலோ, ஒருவர் அச்சம் மற்றவருக்குத் தொற்றுநோய்.

இனி, சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இது விலக்க முடியாத ஆசை. ஆனால் இங்கே பயனும் இருக்கிறது. ‘லே-ஆஃப்’ என்ற சொல் அமெரிக்க வழக்கில் வேலையிலிருந்து அடியோடு நீக்குவதைக் குறிக்கிறது. இந்தியச் சட்டத்தில் அதன் பொருள் வேறு. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் முதலியன இல்லாமையால், அல்லது இயந்திரம் பழுதானமையால், சில நாட்களுக்கு வேலை கொடுக்க இயலாத நிலையே இங்கே ‘லே-ஆஃப்’. ஊழியரின் பெயர் பதிவேட்டில் இருந்துகொண்டேயிருக்கும். நிரந்தரமாக நீக்குவதற்கு நம் சட்டம் இட்ட பெயர் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’; தமிழில் ஆட்குறைப்பு. அமெரிக்கச் சொல் அலுவலகத்தில் பழகிவிட்டதால், ஆட்குறைப்பு என்ற சட்டச் சொல் ஒன்று உண்டு என்பதையும், அதைத் தொடர்ந்து உரிமைகள் சில வருகின்றன என்பதையும் படித்தவரே மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது சொல் ஒன்று உண்டு: ராஜிநாமா. நம் நாட்டு மென்பொருள் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது இதுவே. மனிதவள அதிகாரி ஒருவர் அறைக்குள் அழைத்து, “நீங்களாகவே விலகிவிட்டால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும், இரண்டு மாதச் சம்பளமும் தருகிறோம், இன்று மாலைக்குள் கையெழுத்திடுங்கள்” என்கிறார். மதிப்பெழுத்தில் குறை காட்டப்படும் என்ற மறைமுகமான அச்சுறுத்தலும் சில இடங்களில் உண்டு. ஊழியர் கையெழுத்திடுகிறார். அக்கணமே, சட்டத்தின் கண்ணில் அவர் குறைக்கப்பட்டவர் அல்லர், தாமே விலகியவர். தாமாக விலகியவருக்கு ஆட்குறைப்பு உரிமைகள் கிடையா. நிறுவனமோ, இத்தனை பேரைக் குறைத்தோம் என்று அரசுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பிலிருந்தும் தப்பிவிடுகிறது. கடல்கடந்த முதலாளியின் வட்டிச் சுமை, இவ்வாறு ஓர் ஊழியரின் ‘சொந்த விருப்ப’மாகக் காகிதத்தில் மாறிவிடுகிறது.

அவ்வுரிமைகள் யாவை? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்துக்குப் பதிலாக, 2020-இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளரைக் குறைக்க வேண்டுமானால், காரணம் காட்டி ஒரு மாத எழுத்துமூல அறிவிப்பு, அல்லது அதற்கீடான ஊதியம் கொடுக்க வேண்டும். நிறைவான ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. அரசுக்கும் அறிவிக்க வேண்டும். வேறு காரணம் எழுதிவைக்கப்படாவிட்டால், ஒரே பிரிவில் கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும் என்பது விதி. மறுபயிற்சிக்கென்று 15 நாள் ஊதியம் தனியாக ஊழியர் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்பது புதிய தொகுப்பு கொண்டுவந்த ஏற்பாடு. ஊதியத் தொகுப்பின்படி, விலக்கப்பட்டவருக்கும் விலகியவருக்கும் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் 300 பேரோ அதற்குமேலோ இருந்தால் அரசின் முன்னனுமதி வேண்டும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே உரியது. மென்பொருள் அலுவலகங்களை அது காப்பதில்லை.

‘தொழிலாளர்’ என்ற சொல் தங்களுக்குப் பொருந்துமா என்று கூச்சப்படுவோர் உண்டு. இலட்சக்கணக்கில் ஊதியம் பெறும் பொறியாளர் தம்மைத் தொழிலாளி என்று எண்ணுவதில்லை. சட்டமோ சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. செய்யும் வேலையைப் பார்க்கிறது. தொழில்நுட்ப வேலை செய்பவர் தொழிலாளர் வரையறைக்குள் வருகிறார். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்குமேல் பெறும் மேற்பார்வையாளரும் வருவதில்லை. எனவே ‘மேனேஜர்’ என்ற பட்டம் பெயருக்கு முன் இருக்கிறதா என்பதைவிட, நாள் முழுவதும் நிரல் எழுதுகிறாரா, பிறருக்கு விடுப்பு அனுமதிக்கிறாரா என்பதே நீதிமன்றத்தில் கேள்வியாக எழும். பட்டங்களைத் தாராளமாக வழங்கும் நிறுவனங்களின் தாராளத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்று நாம் சிலசமயம் ஐயுறுவதுண்டு.

தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அமைக்கத் தடையில்லை என்பதைத் தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. கர்நாடகத்தில் இத்துறை ஊழியருக்கென ஒரு சங்கம் 2017-இல் தொடங்கப்பட்டது. சங்கத்தில் சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம். ஆனால் கையெழுத்துக் கேட்கப்படும் அறைக்குள் ஒருவர் தனியே செல்வதற்கும், இத்தகைய காகிதம் இதற்குமுன் எத்தனை பேருக்கு நீட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டு செல்வதற்கும் வேறுபாடு மிகுதி. “படித்துப் பார்த்து, நாளை பதில் எழுத்துமூலம் தருகிறேன்” என்று சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. நீட்டிய காகிதத்தின் பிரதியைக் கேட்கலாம். நிறுவனம் விரும்பினால் ஆட்குறைப்பு ஆணையைத் தானே எழுதிக் கொடுக்கட்டும் என்றும் சொல்லலாம்.

பிற மாநிலத்தில் வாழ்வோர் இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தனியார் மென்பொருள் அலுவலகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அம்மாநிலத்துத் தொழிலாளர் துறையிடமே முறையிட வேண்டும். பெங்களூரில் வேலை பார்ப்பவர் ஓசூருக்கு வந்து மனு கொடுத்துப் பயனில்லை. பணிக்கொடை விஷயத்திலும் மாநிலம் கவனிக்கத்தக்கது. பொதுவாக ஐந்தாண்டு தொடர் பணி வேண்டும் என்பது விதி. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பு வேறு மாநிலத்து அதிகாரியைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டத்தான் உதவும். நாலே முக்கால் ஆண்டு முடித்தவர், விலகும் தேதியைக் குறிக்குமுன் இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்து வைத்திருப்போர் பலர். வேலை முடியும் நாளோடு அதுவும் முடிகிறது. மதுரையிலோ தஞ்சையிலோ நீரிழிவுக்கு மருந்து உண்ணும் எழுபது வயதுத் தந்தைக்கு, புதிதாகக் காப்பீடு எடுப்பது எவ்வளவு அரிது என்பதை அனுபவித்தவரே அறிவர். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர்க் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ள விதிகளில் இடமிருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தை வேலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. நள்ளிரவு அறிவிப்புக்குப் பிறகு, பூட்டிய கணிப்பொறிக்குள் கிடக்கும் காப்பீட்டு எண்ணைத் தேடுவதைவிட, இந்த வாரமே அதைத் தாளில் குறித்து வீட்டில் வைத்துக்கொள்வது எளிது.